கூறு

பேரூராட்சி அலுவலகத்தில்
ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு.
தினக்கூலி.
எழுத்துப்பிழை வந்தால் என் தலை உருளும்.
பிழையில்லாமல்தான் அடித்தேன்.

வார்டு ஏழு. இதற்கு நான்கு மால்:
கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத் தெற்கு,
ஐஸ் கம்பெனிச் சுவருக்குக் கிழக்கு,
சீனி முகம்மது வீட்டு செப்டிக் டேங்குக்கும்
அதையடுத்த ஒற்றை உடைமரத்துக்கும் மேற்கு,
மன்னார் வளைகுடாவுக்கு வடக்கு.

கடல் ஒன்றுதான் அதில்
யாரையும் கேட்காமல் நின்ற எல்லை.

மற்றதெல்லாம் பூவலிங்கம் சார்
பென்சிலை நக்கி நக்கி வரைந்தது.
வரைபடத்தை விரிக்கும் முன்னால்
வாக்காளர் பட்டியலை விரித்தார்.
ஒவ்வொரு கதவிலும் பென்சில் நின்றது.
"இந்த வீட்ல எத்தனை?"
சேர்மனின் மச்சினன் சொல்லச் சொல்ல
கோடு வளைந்தது,
பிறகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தது.

பாசிக்காரத் தெரு ஒரே தெரு.
ஒரு குழாய், ஒரு டிரான்ஸ்பார்மர், முன்னூற்று நாற்பத்தோரு ஓட்டு.
போன தடவை நம்புக்கனியை
அறுபத்து மூன்றில் ஜெயிக்க வைத்த தெரு.
படகுத்துறை டெண்டரில்
சிமெண்டு மூட்டைகளை விரல்விட்டு எண்ணியவள் அவள்.
இப்போது சீலா மீனை நறுக்குகிற மாதிரி
தலை ஆறாம் வார்டுக்கு,
நடுத்துண்டு ஏழுக்கு,
வால், கடைசி ஆறு வீடு,
உப்பளம் தாண்டி ஒன்பதுக்கு.

ஆட்சேபனைக்கு ஏழு நாள்.
அதில் இரண்டு நாள் நோட்டீஸ் போர்டின் சாவியைக் காணோம்.

ராமநாதபுரத்தில் விசாரணை.
கோப்பு சுமக்க நானும் போயிருந்தேன்.
நம்புக்கனி வந்தாள்,
பாறை கிழித்த விரல்களில் துணிச்சுற்றைக்கூட அவிழ்க்காமல்.
கையில் வரைபடம் இல்லை, வக்கீல் இல்லை.

அதிகாரி நல்லவிதமாகவே சொன்னார்:
"எல்லா வார்டிலும் ஜனத்தொகை சமமா இருக்கும்மா.
பத்து பேர் கூடக் குறைய. அவ்வளவுதான்."

"எட சரிதான் சார்.
தலைய ஒரு தட்டு, வால ஒரு தட்டுன்னு வச்சா
எட சரியாத்தான் வரும்.
மீனு எங்க?"

மின்விசிறி சுற்றியது.
யாரோ இருமினார்கள்.

"பன்னெண்டு பொம்பளைக ஒரு வல்லத்துல போவோம்.
மரிக்கொழுந்துப் பாசிய அள்ளியாந்து கரையில கொட்டுவோம்.
கூறு வைக்கிறது ஒருத்தி.
மத்தவுக எடுத்தது போக
மிச்சம் கெடக்குறதுதான் அவளுக்கு.
அதுனால எங்க கூறு
இதுவரைக்கும் கோணுனதில்ல.
இந்தக் கூறு வச்சவுக
எத்தனாவதா எடுத்தாக?
அத மட்டும் எழுதிக்கங்க சார்."

எழுதிக்கொண்டார். நான் பார்த்தேன், எழுதினார்.
எழுதி முடித்துக் கடிகாரத்தையும் பார்த்தார்.

இறுதி அறிவிக்கையை அடித்ததும் நான்தான்.
வால் திரும்பி வந்துவிட்டது.
தலை வரவில்லை.
ஆறு வீட்டை வெற்றி என்பதா,
மீதியைத் தோல்வி என்பதா,
அன்று மத்தியானம் சோறு இறங்காமல் யோசித்தேன்.

அவள் நகல் கேட்டு வந்தாள்.
பக்கத்துக்கு ஐந்து ரூபாய், நாலு பக்கம்.
வாங்கி ரசீதும் போட்டேன். பயம்தான், வேறென்ன.
நின்றபடியே வாசித்தாள்,
தெரு தெருவாக, விரலை ஓட்டி.
ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஒத்த உடைமரமா?
அதப் போன ஆடியிலேயே வெட்டி
கரிமூட்டம் போட்டாச்சே தம்பி.
இல்லாத மரத்துல தொங்குன கோடு
இனி எங்குட்டுப் போய் நிக்கும்?"

என்னை ஒரு தரம் பார்த்தாள்.
காகிதத்தை நாலாக மடித்து
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்,
பஸ் ஸ்டாண்டுப் பக்கம், வீட்டுப் பக்கமல்ல.

மூட்டம் போட்ட அன்று
புகை எங்கள் ஜன்னல் வழியாகத்தான் வந்தது.
அடிக்கும்போதே எனக்குத் தெரியும்.
இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான்
அச்சுக்குக் கொடுத்தேன்.